'குகை மடத்தில் ஓர் இரவு தியானம்' என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. முழங்கால் வலியும் போகவில்லை, கோபமும் போகவில்லை. எழுதுவது முன்னேபின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அக்காவுக்குமாகச் சேர்த்துப் போனது 84,000 ரூபாய்.

பூட்டானில் பாரோ பள்ளத்தாக்குக்கு மேலே, செங்குத்தான பாறை விளிம்பில் தக்சங் மடம் இருக்கிறது. புலிக்குகை என்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் பௌத்த குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் ஏறிப் பறந்து வந்து அங்கே தவம் இருந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அத்தான் போனதிலிருந்து வாசல்படி தாண்டாத அக்கா, ஒருநாள் போனில் அந்த இடத்தைக் காட்டி, "இங்க போகணும்டி" என்றாள். இரண்டு வருஷத்தில் அவளாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு சுலபமாக மாட்டினேன்.

முகநூலில் விளம்பரம் செய்து 'ஆன்மிகப் பயணம்' அழைத்துப் போகும் குழு ஒன்று. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள், அதனால் போடவில்லை. நடத்துகிறவரை எல்லோரும் 'ஜி' என்றார்கள், நாங்களும் அப்படியே. ஞாயிறு மாலை ஜூமில் தியான வகுப்பு, இலவசம். முடியும்போது ஒவ்வொருவரையும் பேசச் சொல்வார். அக்கா அன்றைக்கு அத்தானைப் பற்றிப் பேசினாள். என்னிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அந்த மனிதர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, "அம்மா, அந்த மலை உங்களைக் கூப்பிடுகிறது" என்றார். அக்கா அழுதாள். நானும்தான்.

பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நெய்விளக்கு வெளிச்சத்தில், பாறைச்சுவர் ஓரமாகப் பத்துப்பேர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். 'தக்சங் குகைக்குள் போன வருஷக் குழு' என்று கீழே எழுதியிருந்தது. மேற்கு வங்கத்து பாக்டோக்ரா விமான நிலையத்தில் கார் ஏறுவதிலிருந்து எல்லாம் சேர்த்து ஆளுக்கு 42,000. ஓட்டல், கார், கைடு, பூட்டான் அரசு இந்தியர்களிடம் ஒரு இரவுக்கு வாங்கும் 1,200, மடத்து நுழைவுச்சீட்டு, அதோடு குகைக்குள் ஓர் இரவு தியானம். அன்று இரவே ஜிபேயில் 84,000 அனுப்பினேன். ஒரு தனிநபர் நம்பருக்கு. கத்தரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் நான்!

பாக்டோக்ராவுக்குக் கார் வரவில்லை. டாக்சி பிடித்து நாலு மணி நேரம், எல்லை ஊரான ஜெய்காவ்ன். அங்கே கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று ஏற்கெனவே எல்லை வாசலில் உட்கார்ந்திருந்தது, அவர்களும் ஜியின் ஆட்கள்தான். எங்களிடம் அவர் கேட்டு வாங்கியது ஆதார் நகல் மட்டும். பூட்டான் குடிவரவில் ஆதார் செல்லாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. அக்கா கைப்பையைச் சுத்தம் செய்து பல வருஷம் ஆவதால் அவளுடைய வாக்காளர் அட்டை அதிலேயே கிடந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள். அந்த அம்மா ஒன்றுமே பேசவில்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

ஜி கொடுத்திருந்த உள்ளூர் ஏஜென்ட்டைத் தேடிப் பிடித்தோம். "அவர் ரேட் விசாரித்தார், பணம் எதுவும் கட்டவில்லையே" என்றார் அவர். ஓட்டலும் இல்லை, காரும் இல்லை, கைடும் இல்லை. திரும்பிவிடலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி பணத்தை எடுத்தேன். அந்த ஏஜென்ட் நியாயமானவர், எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார். நாலு இரவுக்கு இரண்டு பேருக்கு அரசுக் கட்டணம் மட்டுமே 9,600. ஓட்டல், கார், கைடு எல்லாம் சேர்த்து இன்னும் 40,000 பக்கம் ஆனது. இது அந்த 84,000-க்கு மேலே.

மடம் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குதிரை பாதியில் இருக்கும் உணவுவிடுதி வரைதான் வரும். அப்புறம் நடை. மடம் கண்ணுக்கு எதிரே தெரிகிற இடத்துக்கு வந்தும் முடியாது, நூற்றுக்கணக்கான படி இறங்கி, அருவியைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். அக்கா பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாள். கைடு பையன் நல்லவன். 1692-ல் கட்டியது, 1998-ல் தீப்பிடித்து எரிந்து திரும்பக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே அவள் கையை விடாமல் கூட்டிவந்தான்.

வாசலில் போனைக் கொடுக்கச் சொன்னார்கள். போன், கேமரா, பை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், படம் எடுக்கவே கூடாது. போனை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன். அப்படியென்றால் அந்தப் பத்துப்பேர் படம்? கைடிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "இது இங்கே இல்லை மேடம்" என்றான். ராத்திரி தங்குவது பற்றிக் கேட்டதற்கு, யாத்ரீகர்கள் யாருக்கும் அனுமதி இல்லையாம். "துறவிகள் தனிமைத் தியானம் உட்கார்ந்தால் மூன்று வருஷம், மூன்று மாதம், மூன்று நாள். நீங்கள் இருக்கிறீர்களா?" என்றான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு முகம் எரிந்தது.

அக்கா உள்ளே விளக்கேற்றினாள், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் 84,000-ஐ எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அமைதியாக இருக்க விடாமல் செய்ததற்கே அந்த ஆள்மேல் இன்னொரு கேஸ் போடலாம்.

இறங்கியதும் அழைத்தேன். முதல் தடவை, "உள்ளூர் ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார் அம்மா, நான் பார்க்கிறேன்". இரண்டாம் தடவை, "கணக்கெல்லாம் வேறொருவர் பார்க்கிறார்". அந்த வேறொருவர் போனை எடுக்கவே இல்லை. மூன்றாவதாக ஒரு குரல்பதிவு வந்தது: "இவ்வளவு புனிதமான இடத்துக்குப் போய்வந்தும் கோபம் அடங்கவில்லை என்றால், உங்களுக்குப் பயிற்சி போதவில்லை அம்மா." அந்தப் படம் எங்கே எடுத்தது என்று குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறார்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-ல் புகார் பதிந்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இதற்குமேல் தெம்பில்லை. ஆதாரை மட்டும் நம்பி பூட்டான் கிளம்பாதீர்கள். தனிநபர் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அரசுக் கட்டணம் கட்டிய ரசீதைக் கிளம்பும் முன்பே கேளுங்கள். தக்சங் உள்ளே எடுத்த படம் என்று எதையாவது காட்டினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இன்று காலை அக்கா போனுக்கு அடுத்த பயணத்தின் விளம்பரம் வந்திருக்கிறது. அவளை நீக்க மறந்துவிட்டார்கள் போல. அதே படம், அதே பத்துப்பேர். ஆளுக்கு 45,000 ஆக்கியிருக்கிறார்கள்.