மாதிரிப் பெட்டியா, பிள்ளைகள் பொறுக்கிய கற்களா?

தொடக்கப் பள்ளியில் பாறைகளின் பண்புகளைக் கற்பிக்கப் பெயர் ஒட்டிய மாதிரிப் பெட்டியை வாங்கலாம். பிள்ளைகளையே ஊரிலிருந்து கற்களைப் பொறுக்கிவரச் செய்யலாம்.

பெட்டியின் பலம் அதிலுள்ள பலவகைக் கற்கள். எரிமலை இல்லாத ஊரில் நுரைக்கல் தண்ணீரில் மிதப்பதைக் காட்ட வேறு வழி எளிதில் கிடைக்காது. ஆனால் பெயர் முன்னரே ஒட்டப்பட்டிருப்பதால், பிள்ளைகள் கல்லைத் தொடுமுன் பெயரை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் கீறிப் பார்க்க ஆசிரியரும் தயங்குகிறார்.

பொறுக்கிய கற்களில் அந்தத் தயக்கம் இல்லை, பாடமும் அங்கேதான் உயிர்பெறுகிறது. கல்சட்டி செய்யும் மாக்கல்லை நகத்தால் கீறினால் வெண்தூள் உதிர்கிறது. சுண்ணாம்புக்கல்லில் நகம் தோற்று இரும்பு ஆணி வெல்கிறது. வெள்ளைப் படிகக்கல்லிலோ (குவார்ட்ஸ்) ஆணியே தேய்ந்து சாம்பல் நிறக் கோட்டை விட்டுச் செல்கிறது. 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த, மாக்கல்லில் உள்ள மென்மையான கனிமமான டால்க்கை 1 ஆகவும் வைரத்தை 10 ஆகவும் வைக்கும் கடினத்தன்மை வரிசையின் அடிப்படை இந்த மூன்று கீறல்களிலேயே புலப்பட்டுவிடும். செம்புறாங்கல்லின் மேல் விட்ட நீர் துளைகளுக்குள் இறங்கிவிட, கருங்கல் ஜல்லியின் மேல் அதே நீர் தேங்கி நிற்கிறது. வினிகர் பட்டால் இந்தக் கற்களுள் சுண்ணாம்புக்கல்லில் மட்டும் குமிழிகள் எழுகின்றன.

செங்கல் துண்டும் கான்கிரீட் சில்லும் கலந்து வருவதைக் குறையாகச் சொல்வார்கள். இயற்கைக் கல்லையும் மனிதர் செய்ததையும் பிரித்தறிய அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? சுத்தியலால் உடைக்க மட்டும் பிள்ளைகளை விடக்கூடாது. சில்லு கண்ணில் தெறிக்கும்.

மூன்றாம் வகுப்புக்குப் பொறுக்கிய கற்களையே முதலில் பரிந்துரைப்பேன். பெட்டியை அடுத்த பருவத்தில், பெயர்ச்சீட்டுகளை மறைத்துவிட்டுத் திறக்கலாம்.