நகல் சேசிஸ் எண் தகடு, ரோசெட் ரிவெட் செட்: வாங்கலாமா?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கென்று இணையத்தில் விற்கும் செட் இது. நாம் சொல்லும் எண்ணைப் பதித்த உலோகத் தகடு ஒன்று, அதை அடிக்க ரோசெட் ரிவெட்டுகள். சில செட்டில் பெயிண்ட் கோடு (காரின் நிறக் குறியீடு) பதித்த தகடும் டயர் காற்றழுத்த ஸ்டிக்கரும் கூடவே வரும். ரிவெட்டின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. தலையில் ஆறு இதழ்ப் பூ, ஆலையில் அடித்தது போலவே இருக்கும். ஆனாலும் சேசிஸ் எண்ணுக்காக இதை வாங்கவே வாங்காதீர்கள்.

17 எழுத்து எண் அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயம். அதில் ஒன்பதாவது இடம் சரிபார்ப்புக்கானது, எண்ணை மாற்றினால் கணக்கு இடிக்கும். அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, சரிபார்ப்பு எழுத்தும் கிடையாது. அதனால் அந்தக் கார்களுக்குத் தகடும் அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டும்தான் முதல் சாட்சி. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மங்கிய தகட்டில் பளபளக்கும் ரிவெட், துளையைச் சுற்றிக் கீறல், தகட்டின் விளிம்புக்கு அடியில் புதுப் பெயிண்ட், இதில் ஒன்று தென்பட்டாலே திருட்டுக் காரோ என்ற கேள்வி எழும். லேசரில் பொறித்த நகலை விரல் நகமே காட்டிக்கொடுத்துவிடும். அச்சுக் குத்திய பழைய தகட்டில் எழுத்து ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும்.

காரில் எண் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. 1967 கமாரோவில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் மறைவாக இன்னொன்று உண்டு. ஆரம்பகால மஸ்டாங்கில் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் உள் தகட்டிலேயே (ஏப்ரன்) குத்தியிருப்பார்கள். பீட்டிலில் பின் சீட்டுக்கு அடியில், நடு டனலில் (தரையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேடு). பீட்டிலின் தரைத் தகடு துருப்பிடித்தால் இடது, வலது பாதிகளை மட்டும் மாற்றுங்கள், டனல் தப்பிக்கும். டனலோடு சேர்ந்த தரைப்பகுதி (பிளாட்ஃபார்ம்) முழுவதையும் மாற்றினால் காரின் அடையாளமே போய்விடும். தேய்த்து அழித்த எண்ணும் முழுதாக அழிவதில்லை. குத்தும்போது அடியிலுள்ள உலோகமும் நசுங்குவதால், அமிலம் வைத்தால் மீண்டும் தெரியும்.

அமெரிக்க மத்திய சட்டத்தில் எண்ணைத் தெரிந்தே அகற்றுவதற்கோ மாற்றுவதற்கோ 5 ஆண்டு வரை சிறை. பழுதுபார்க்க அகற்றுவது நியாயமாகத் தேவைப்பட்டால் விலக்கு உண்டு, ஆனால் மாநிலச் சட்டம் தனி. கான்சாஸில் 1959 கார்வெட் ஒன்றைப் போலீஸ் 2017இல் பறிமுதல் செய்தது. முன்பு யாரோ புதுப்பித்தபோது தகட்டைக் கழற்றி மறுபடி அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். வாங்கியவர் மீது ஒரு தவறும் இல்லாமலே கார் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அதன் பிறகே, 2022இல், அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. அசல் தகட்டை அதே காரில் அடித்ததற்கே இந்தக் கதி என்றால், நகலுக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

இந்தச் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாஸ்பாரிக் அமில ஜெல்லும் நைலான் பிரஷும் வாங்குங்கள். இரும்பில் குத்திய எண்ணில் துரு இருந்தால் ஜெல்லைத் தடவி, ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மெல்லிய கிளியர் லாக்கர் அடித்தால் போதும். கிரைண்டரும் வயர் வீலும் கிட்டேயே வரக்கூடாது. அலுமினியத் தகட்டுக்கு அந்த ஜெல் ஆகாது, அரித்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும். துருவையும் பெயிண்டையும் நீக்க மணல் அடிக்க அனுப்பும் முன், எண் இருக்கும் இடத்தில் ரப்பர் துண்டு வைத்து அதன்மேல் டேப்பைப் பல சுற்று ஒட்டுங்கள். வெறும் டேப் மணலுக்குத் தாங்காது. வேலை தொடங்கும் முன்பே பென்சில் பிரிண்ட்டும் (எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு), அளவுகோல் வைத்த படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகடு இருக்கும் பேனலே உளுத்துப்போய் மாற்றியே ஆக வேண்டுமென்றால், ரிவெட்டில் கை வைக்கும் முன் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, அனுமதியைக் கடிதமாக வாங்குங்கள். தகடு தொலைந்திருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். மாற்று எண்ணோ தகடோ தரும் அதிகாரம் அவர்களுக்குத்தான். எண் உள்ள துண்டை வெட்டி வேறு பாடி ஷெல்லில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறை சொன்னாலும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செட்டில் உருப்படியானது ஸ்டிக்கர்கள்தான். எழுத்துரு சரியாக இருக்கிறது, தாராளமாக ஒட்டலாம். பெயிண்ட் கோடு தகட்டை, அந்தக் கோடு காரில் முதலிலிருந்தே இருந்தது என்று ஆவணம் இருந்தால் மட்டும் மாட்டுங்கள். விற்கும்போது அது நகல் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.