மந்திரம், சித்தி, ஈஎஸ்பி புத்தகம் தேடுறவங்க மூர் மார்க்கெட்டுக்குப் போங்க

சென்னை சென்ட்ரல் பக்கத்துல லில்லி பாண்ட் காம்ப்ளக்ஸ் இருக்குல்ல, 1985ல பழைய மூர் மார்க்கெட் எரிஞ்சப்புறம் கடைக்காரங்க மாறி வந்த இடம், அங்க ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். மாந்திரீகம், மூலிகை, சித்தர் பாட்டுன்னு ஒரு மூலை பூரா அடுக்கி வெச்சிருக்காங்க. திருமந்திரம் மூணாம் தந்திரம் உரையோட கிடைச்சுது, அணிமா (அணு மாதிரி சிறுசாகறது) லகிமா (லேசாகறது)ன்னு அட்டமாசித்தி, அதாவது எட்டு அதிசய சக்தியெல்லாம் அதுலதான் வருது, சும்மா வித்தையா இல்லாம யோகத்தோட சேர்த்துச் சொல்றாரு திருமூலர், ரெண்டு ராத்திரி தூக்கமே போச்சு எனக்கு.

கூடவே ஈஎஸ்பி, அதாவது கண்ணு காதுனு புலன் உதவி இல்லாமலே விஷயம் தெரிஞ்சுக்கறது, அத பத்தி ஒரு புத்தகம் எடுத்தேன். அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில ஆராய்ச்சியாளர் ஜே.பி.ரைன் 1930கள்ல பண்ண சோதனை: 25 சீட்டு, வட்டம் கூட்டல் அலை சதுரம் நட்சத்திரம்னு 5 குறி, சீட்டப் பாக்காமலே என்ன குறின்னு சொல்லணும், குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா 5 சரியா வரும், அதுக்கு மேல வந்தாதான் பேச்சு. மத்தவங்க செஞ்சு பார்த்தப்ப அது நிக்கலங்கறதையும் சேர்த்தே படிங்க.

அங்க இருந்த ஒரு வசிய மந்திரப் புத்தகத்துல மட்டும் நடுவுல எட்டுப் பக்கம் காணோம், புரட்டிப் பார்த்து வாங்குங்க. அப்புறம் பாதரசம், எட்டிக்கொட்டைனு வர்றத வீட்ல செஞ்சு பாக்காதீங்க, விஷம். கடைக்கார அண்ணன் ரொம்பப் பொறுமை, அடுத்த தடவைக்கு கருவூரார்ங்கற சித்தரோட பாட்டு எடுத்து வைக்கிறேன்னாரு.