பாறசாலைப் பக்கம் ஓவிய வகுப்பில் சேரப் போகிறீர்களா? கேன்வாஸைத் திருப்பிப் பாருங்கள்

களியக்காவிளை தாண்டி, "ஆறே மாதத்தில் ரவிவர்மா படம் உங்கள் கையால்" என்று விளம்பரம் செய்யும் ஆயில் பெயிண்டிங் வகுப்பில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள். சாமான் உட்பட 18,000 ரூபாய் கட்டியவள் எழுதுகிறேன்.

நான் கேட்டது 1889இல் ரவிவர்மா வரைந்த, பல பிரதேசத்துப் பெண்கள் 11 பேர் கச்சேரிக்குக் கூடியிருக்கும் படம். அசல் மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில். இத்தனை பேரை எப்படி உட்கார வைக்கிறார், யாரை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார் என்று கை பழகத்தான் பெரிய ஓவியர்கள் படத்தைப் பார்த்து வரைவது. கட்டம் போட்டு உருவங்களை இறக்கி, பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து நிழல் போட்டு, அது காய்ந்தபின்தான் வண்ணம்.

மாஷ் (வகுப்பு வாத்தியார்) கட்டமே போடவிடவில்லை. "அதுக்கெல்லாம் நேரம் போகும் மோளே, அடிப்படம் ஞான் இட்டுத் தராம்" என்று, பழுப்பு நிறத்தில் 11 பேரும் தயாராக இருந்த கேன்வாஸைக் கொண்டுவந்தார். என்ன கை என்று வியந்தேன்.

பக்கத்து ஈசலில் ஒரு அக்காவுக்கும் அதே படம். வீணைக்காரியின் விரல் மடிப்புவரை இரண்டும் ஒன்று! சட்டத்துக்குப் பின்னால் மடித்து அடித்த ஓரத்தை மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தோம்: வரிசையாக மைப்புள்ளிகள். பிரின்ட். காசு கொடுத்து, பிள்ளைகளின் கலரிங் புத்தகத்துக்கு வண்ணம் தீட்டியிருக்கிறோம்.

வண்ணத்தையும் டப்பாவில் பிதுக்கித்தான் தருவார், ட்யூபைக் காட்டமாட்டார். அசல் காட்மியம் சிவப்பு என்றால் ட்யூபில் பிஆர் 108 என்ற நிறமிக் குறியீடு போட்டிருக்கும். படம் முடிந்த கையோடு வார்னிஷ் வேறு. ஆயில் காற்றோடு சேர்ந்து மெல்லக் காய்வது, வார்னிஷ் போட ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். என் படம் இன்னும் தொட்டால் ஒட்டுகிறது.

மதுரைக்காரரான திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர், ரவிவர்மாவுக்கே சொல்லித்தர மறுத்தார் என்பார்கள். முடியாது என்று சொன்ன அவர் எவ்வளவோ மேல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "படம் கையில் உண்டல்லோ" என்றார். ரசீதும் இல்லை. அதைவிடக் கொடுமை, என் படத்தையே "மாணவி வரைந்தது" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார். அதை நம்பிப் போனால், முதலில் வெள்ளைக் கேன்வாஸில் ஒரு முகம் வரைந்துகாட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அப்படியே திருவனந்தபுரம் பஸ் ஏறி ஸ்ரீசித்ரா கலைக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள ராஜா ரவிவர்மா கலைக்கூடத்துக்குப் போங்கள், ரவிவர்மாவின் அசல்கள் அங்கே இருக்கின்றன.