மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கேமிங் பிசி

கம்ப்யூட்டர் சில்லைக் குளிர்விக்கும் கூலர்களைச் சோதித்து வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் அறையை 21, 22 டிகிரியில் நிறுத்திக்கொண்டுதான் அளக்கிறார்கள். கத்திரி வெயில் நாட்களில் என் அறையில் இரவு எட்டு மணிக்கு 34 டிகிரி இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி பத்து மணிவரை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே 'கேம் ஓடும்போது பிராசசர் 62 டிகிரி' என்று எங்காவது படித்தால், 'அறையைவிட 40 அதிகம்' என்றுதான் அதை எடுத்துக்கொள்வேன். சென்னையில் அது 74.

இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய கூலர் எது என்று தேடுவதற்கு முன்னால், குறைவாகச் சுடும் பாகம் எது என்று தேடினேன். 2024 தொடக்கத்தில், 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு கடைக்கு வந்த சமயத்தில் சேர்த்த மெஷின் இது: ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ ஏர் கூலர், லியான் லி லான்கூல் 216 கேபினெட், 850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டி). மானிட்டர் 27 அங்குலம், 1440பி தெளிவு, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 ஃபிரேம், அதாவது 165 படம் காட்டும்). பாதி சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கியது, பாதி ஆன்லைனில். இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டதால் இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அறையைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மெஷின் இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, எதைப் போட்டாலும் சூட்டைச் சில்லிலிருந்து அறைக்கு மாற்றுகிறதே தவிர அழிப்பதில்லை. கனமான கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து என் மேசை 400 வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் விடுகிற சூடு ஏறத்தாழ 100 வாட். அப்படியானால் கதவைச் சாத்திய அறையில் என்னோடு கூடுதலாக நாலு பேர் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் 3.5 கிலோவாட், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மெஷினுக்கே போய்விடும். மின்கட்டணக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏசியும் கேமும் சேர்ந்து ஓடுகிற வீட்டில் அந்தக் கோடு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

பிராசசருக்கு வருகிறேன். அன்றைக்கு என் முன்னால் இருந்த இன்னொரு வழி இன்டெல் ஐ9 பிராசசர். அதன் உச்ச வரம்பு 253 வாட். 7800எக்ஸ்3டியின் டிடிபி (கம்பெனி சொல்லும் சூட்டு அளவு) 120 வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும், என் மெஷினில் கேம் ஓடும்போது 50 முதல் 70 வாட் வரைதான் காட்டுகிறது. கேம்களில் அது ஐ9க்கு இளைத்ததும் இல்லை. காரணம் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். கணக்குப் போடும் பகுதிகளான கோர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் தகவல் ராமுக்குப் போய் வராமல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ போன்றவற்றில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வீடியோ எடிட்டிங்கும் ரெண்டரிங்கும்தான் உங்கள் பிழைப்பு என்றால் கதை வேறு. எட்டு கோர் போதாது.

ஆனால் இந்தச் சில்லுக்கு ஒரு குணம் உண்டு, புதிதாக வாங்குகிறவர்கள் பயந்துபோகிற குணம். வாட் குறைவாக இருந்தும் டிகிரி அதிகமாகக் காட்டும். கேஷ் கோர் சில்லின் மேல் அடுக்கப்பட்டிருக்கிறது. அதனால் கோர்களின் சூடு கூடுதலாக ஒரு சிலிக்கான் அடுக்கைத் தாண்டித்தான் மேலே உள்ள உலோக மூடிக்கு வர முடியும். கோர் சில்லும் ரொம்பச் சின்னது. புதிய கேம் முதல்முறை திறக்கும்போது ஷேடர்களை (படம் வரையும் சின்னச் சின்ன நிரல்களை) கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் என் மெஷின் மே மாதத்தில் 85ஐத் தொடும். இதன் வரம்பு 89. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துவிடாது. இங்கே பெரிய கூலர் போட்டால் பெரிதாக எதுவும் மாறாது, ஏனென்றால் தடங்கல் சில்லுக்குள் இருக்கிறது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், பிராசசரின் வோல்டேஜை இறக்கும் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 20 வைத்தது அதைவிட உதவியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் நாலைந்து டிகிரி இறங்கியது.

எரிந்துவிடாது என்று சொன்னதற்கு ஒரு அடிக்குறிப்பு தேவை. 2023 ஏப்ரலில் இந்த வரிசைச் சில்லுகள் சில மதர்போர்டுகளில் உண்மையிலேயே கருகின. எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் கோர்கள் தவிர்த்த பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) தேவைக்கு மேல் ஏறியதுதான் காரணம். பிறகு ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் பூட்டி, போர்டு கம்பெனிகளை பயாஸ் அப்டேட் தரவைத்தது. அதனால் இந்தச் சில்லுகள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினால் பயாஸ் அப்டேட்டை முதல் வேலையாகச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இன்டெல் பக்கமும் நிம்மதி இல்லை. 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரகச் சில்லுகள் வோல்டேஜ் சிக்கலால் நிலைகுலைந்ததும், 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சில்லின் உள் நிரல்) திருத்தம் வந்ததும், வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியதும் பலருக்கு நினைவிருக்கும்.

'இவ்வளவு செலவு செய்துவிட்டு நாலாயிரம் ரூபாய் ஏர் கூலரா?' என்று கேட்காத ஆள் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பன் ஐ9 வைத்திருக்கிறான், 360 எம்எம் ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலருடன். அவனுக்கு அது தேவை; 250 வாட் சூட்டை ஏர் கூலர் தாங்குவது சிரமம். ஆனால் அந்தக் கூலரின் பம்ப் ஒருநாள் கரகரவென்று ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் நின்றே போனது. ஸ்விட்ச் போட்ட சிறிது நேரத்தில் பிராசசர் 100 டிகிரிக்குப் போய்விட்டது. கம்பெனி பெயர் எதற்கு, வாரன்டியில் மாற்றித்தான் தந்தார்கள். ஆனால் அது வந்து சேரும்வரை மெஷின் மூலையில் கிடந்தது. என் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான். அது நின்றாலும் எந்தக் கடையிலும் கிடைக்கிற 120 எம்எம் ஃபேனை மாட்டிக்கொண்டு அன்றிரவே விளையாடலாம்.

லிக்விட் கூலரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் நிஜமான நன்மை, தண்ணீர் சூடாக நேரம் எடுத்துக்கொள்வதால் ஃபேன் சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பது. கார்டுக்கு மேலே பெரிய உலோகக் கட்டி தொங்காது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் 60, 70 வாட் மட்டுமே இழுக்கிற பிராசசருக்கு அது தரும் லாபம் சில டிகிரிகள்தான். எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. 34 டிகிரி அறையில் தண்ணீர் 34ஐத் தாண்டித்தான் நிற்கும். வாங்கினால் ரேடியேட்டரை கேபினெட்டின் மேல்பக்கம் மாட்டுங்கள், பம்ப் அதற்குக் கீழே இருக்கும். உள்ளே சேரும் காற்றுக்குமிழி பம்ப்புக்குப் போகாது. முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூட்டுக்காற்றைத்தான் கிராபிக்ஸ் கார்டு குடிக்க வேண்டியிருக்கும்.

கவலைப்பட வேண்டியது அந்தக் கார்டைப் பற்றித்தான். மெஷினின் சூட்டில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. 4080 சூப்பரின் வரம்பு 320 வாட். கார்டு தன் ஃபேன் வேகத்தைக் கூட்டி டிகிரியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சென்னைச் சூடு அதில் டிகிரியாகத் தெரிவதைவிடச் சத்தமாகத்தான் அதிகம் தெரியும். முதல் கோடையில் சைபர்பங்க் 2077 கேமைப் பாத் டிரேசிங்குடன் (வெளிச்சத்தைக் கணக்கிட்டு வரையும் கனமான முறை) ஓடவிட்டால் ஹெட்போனைத் தாண்டி ஃபேன் சத்தம் கேட்டது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் அண்டர்வோல்ட் செய்தேன், அதாவது கார்டுக்குப் போகும் வோல்டேஜை இறக்கினேன்: 950 மில்லிவோல்ட்டில் 2600 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தி வைத்தேன். இழுப்பு 240 வாட் பக்கம் வந்தது. ஃபிரேம்கள் நூற்றுக்கு மூன்று, நான்குதான் குறைந்தன. அளந்து பார்த்தால்தான் தெரியும். கார்டு 75லிருந்து 67க்கு இறங்கியது. அதைவிட முக்கியம், அறைக்குள் வரும் சூட்டில் 80 வாட் குறைந்தது. எந்தக் கூலராலும் செய்ய முடியாத காரியம் அது. ஒவ்வொரு சில்லும் ஒரு மாதிரி இருக்கும், ஆகவே என் எண்ணை அப்படியே போடாதீர்கள். 25 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு முழு மாலை விளையாடிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இதோடு ஃபிரேம் வரம்பும் வைத்திருக்கிறேன், நொடிக்கு 120. 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு ஏன் 120 என்று கேட்கலாம். கதை சொல்லும் கேம்களில் 120க்கு மேல் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கரண்டுக்கு நன்றாகவே தெரிகிறது. வேகம் முக்கியமான வேலரண்ட் போன்ற போட்டி கேம் ஆடும்போது மட்டும் வரம்பை எடுத்துவிடுவேன்.

கார்டுக்குக் கரண்ட் போகும் 16 பின் கனெக்டர் உருகியதாக 2022 இறுதியிலிருந்து வந்த படங்கள் பெரும்பாலும் 450 வாட் 4090 கார்டுகளுடையவை. 600 வாட்டுக்குக் கணக்குப் போட்ட கனெக்டரில் 240 வாட் போகிறது என்பதால் எனக்கு அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் கடைசிவரை அழுத்தி மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். வயரைக் கனெக்டர் முனையிலேயே மடக்கிக் கண்ணாடிக் கதவை மூடாதீர்கள். ஏடிஎக்ஸ் 3.0 என்ற புதிய தரத்து எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அடாப்டர் இல்லாமல் ஒரே வயரில் முடிந்துவிடும்.

கேபினெட்டில் நான் பார்த்தது முன்பக்க வலை மட்டும்தான். லான்கூல் 216இல் முன்னால் இரண்டு 160 எம்எம் ஃபேன், பின்னால் ஒரு 140. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிட அதிகம் என்பதால் இடுக்குகள் வழியாகத் தூசி உறிஞ்சப்படுவதில்லை, வருவதெல்லாம் ஃபில்டர் வழியாகத்தான். மீன்தொட்டி மாதிரி முன்னும் பக்கமும் கண்ணாடி வைத்த கேபினெட்டுகளில் விளக்கு அழகாகத் தெரிகிறது, சந்தேகமில்லை. என் அறையில் அதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தூசி தனி விவகாரம். கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. உப்புக்காற்றின் ஈரம் தூசியை ஒட்டவைத்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை ஃபேன் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிகிறது, பிளோயர் அடித்தால் அது போகாது. போகிக்கு அடுத்த நாள் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பாக இருக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கார்டு நாலைந்து டிகிரி ஏறும். அதுதான் எனக்குச் சுத்தம் செய்யச் சொல்லும் மணி. பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். கேபினெட்டின் பின்பக்க ஸ்குரூ சிலவற்றில் துரு தெரிய ஆரம்பித்திருக்கிறது. உள்ளே போர்டில் ஒன்றும் இல்லை, இதுவரை.

சின்ன எரிச்சல்கள் உண்டு. சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போதே பிராசசர் 48, 50 காட்டும். பிரவுசர் திறந்தால் ஒரு நொடி 65க்கு எகிறும். அதற்கேற்ப கேபினெட் ஃபேன்களும் உறுமி அடங்கும். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கேபினெட் ஃபேன்களைக் கிராபிக்ஸ் கார்டின் டிகிரியோடு இணைத்தபிறகு அந்த உறுமல் போனது. ராம் செட்டிங் மாற்றினால் மெமரி டிரெய்னிங் (போர்டு ராமைச் சோதித்துப் பார்ப்பது) என்று திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெஷின் செத்துவிட்டது என்று நினைத்துப் பவரை அணைத்துவிட வேண்டாம். கார்டில் காயில் வைன் (கரண்ட் போகும் சுருள்கள் அதிரும் சத்தம்) உண்டு, மெனு திரைகளில் கீச்சென்று கேட்கும். ஃபிரேம் வரம்பு வைத்ததும் அதுவும் அடங்கியது. யூபிஎஸ் வாங்கும்போது மட்டும் விசாரித்து வாங்குங்கள். இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின் திருத்தச் சுற்று இருப்பதால் மலிவான யூபிஎஸ்ஸின் கரடுமுரடான அலையோடு சில நேரம் ஒத்துப்போகாது, கரண்ட் போன நொடியில் மெஷினும் போய்விடும். சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ் விலை அதிகம், ஆனாலும் அதைத்தான் வாங்கினேன்.

இன்று புதிதாகச் சேர்ப்பவருக்கு என் பரிந்துரை கொஞ்சம் மாறும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷை கோர்களுக்குக் கீழே வைத்துவிட்டார்கள், ஆகவே சூடு நேராகக் கூலருக்குப் போகிறது. அதே ஏஎம்5 சாக்கெட்தான்; நானும் ஒருநாள் மாற்றலாம், ஆனால் 1440பியில் அவசரம் எதுவும் தெரியவில்லை. அடுத்த தலைமுறைக் கார்டான 5080க்கு மாறவும் மனசில்லை: 360 வாட், அதே 16 ஜிபி. 575 வாட் 5090ஐ இந்த அறையில் வைத்தால் நான் ஹாலில் உட்கார்ந்து விளையாட வேண்டியதுதான். ராம் மட்டும் யோசித்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. பழைய மெஷினில் டிடிஆர்5 இருந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினால் 6000 வேகம், சிஎல்30 (ராமின் தாமத அளவு), இரண்டு ஸ்டிக். நாலு ஸ்டிக் போட்டால் இந்த பிராசசர்கள் அந்த வேகத்தைத் தாங்குவது கடினம்.