ஜெல்லா, டிப் பவுடரா, விளக்கில்லா பாலிஷா?

தங்கை கல்யாணத்துக்கு நகத்தில் ஜெல் பாலிஷ் போட்டேன். இரண்டு வாரம் பாத்திரம் தேய்த்தும் ஓரம்கூடப் பெயரவில்லை. உழைப்பில் ஜெல்லைக் குறைசொல்ல முடியாது, சரி. ஆனாலும் இப்போது நான் போடுவது விளக்கே வேண்டாத லாங்-வேர் பாலிஷ்தான் (வைனிலக்ஸ், இன்ஃபினிட் ஷைன் மாதிரி). காரணம் ஒன்றுதான்: எடுக்கிற பாடு.

ஜெல் அதற்கான யூவி விளக்கொளியில் இறுகி நகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சாதா ரிமூவருக்கு அசையாது. மேல்பூச்சை அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓரம் லேசாகத் தூக்கியதும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே உரித்துவிட்டேன். நகத்தின் மேலேடும் சேர்ந்தே வந்தது. விரல்நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அந்த வெள்ளைத் திட்டுகள் நுனிக்கு வந்து வெட்டுப்பட ஐந்து மாதம் ஆனது.

வீட்டிலேயே ஜெல் போடுபவர்களுக்கு இன்னொன்று: சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், வந்தால் பெரும்பாலும் போகாது. விளக்கொளியில் இறுகுவதற்காகப் பல ஜெல்களில் சேர்த்திருந்த டிபிஓ (TPO) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் தடை செய்துவிட்டது. வாங்கும்முன் பாட்டிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிப் பவுடர் ஒரே ஒரு முறைதான் போட்டேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். விளக்கு வேண்டாம், உடனே ஒட்டும் பசையைத் தடவி, விரலைப் பொடி டப்பாவில் முக்குவார்கள். நகம் தடிமனாகத் தெரிந்தது, எடுக்க ஜெல்லைவிட நேரம் பிடித்தது. எல்லோரும் ஒரே டப்பாவில் விரலை விடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. பொடியைத் தூவிவிடச் சொல்லிக் கேட்கலாம்.

லாங்-வேர் ஒரு வாரம் தாங்கும் என்பார்கள். என் கையில் ஐந்து நாள், அப்புறம் வலக்கை நுனி பெயரும். வெளிர் நிறம் போட்டால் சாம்பார் மஞ்சள் பிடிக்கும். அடர் மெரூனுக்கு மாறிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஞ்சும் ரிமூவரும் எடுத்தால், காப்பி ஆறுவதற்குள் பத்து விரலும் சுத்தம்.

அடுத்த மாதம் பத்து நாள் ஊர்ப் பயணம். அதற்கு மட்டும் ஜெல் போடலாம் என்றிருக்கிறேன். எடுப்பதற்கும் சேர்த்தே பார்லரில் நாள் குறித்தாகிவிட்டது.