ஐஐஎம் இன்டர்வியூவுக்கு தயாராக: கோச்சிங் மாக்கா, சீனியர் மாக்கா, ரூம்ல தனியாவா?

சித்தப்பா பையனுக்கு இந்த வருஷம் எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் ரிசல்ட் வந்து மூணு ஐஐஎம்ல இருந்து இன்டர்வியூ கால் வந்திருக்கு. போன் பண்ணதும் மொத கேள்வியே "அண்ணா, மாக்குக்கு காசு கட்டட்டுமா வேண்டாமா"ங்கறதுதான். மாக்னா நெஜ இன்டர்வியூவுக்கு முன்னாடி பண்ற ஒத்திகை இன்டர்வியூ. அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னதை இங்கயும் எழுதறேன். ஏன்னா நான் இந்த எல்லா வழியிலயும் போயிருக்கேன், மொத வருஷம் ஒரு சீட்டும் கிடைக்கல, ரெண்டாவது வருஷம்தான் கிடைச்சது, எதுல எனக்கு மாற்றம் வந்துச்சுன்னு இப்ப நல்லா தெரியுது.

கேட் எழுதறப்ப நாம தனி ஆளு. 120 நிமிஷம், மூணு செக்‌ஷன், ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம், முடிச்சா வெளிய வந்துடலாம். இன்டர்வியூல எதிர்ல ரெண்டு மூணு பேர் நம்ம அப்ளிகேஷன் பார்மை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, பத்தாவது மார்க்ல இருந்து பொழுதுபோக்குன்னு நாம எழுதுனது வரைக்கும் எல்லாம் அவங்க முன்னாடி இருக்கும், 15 நிமிஷமோ 25 நிமிஷமோ நம்மளை சுத்தியேதான் பேச்சு போகும். நாம சொல்ற பதில்ல இருந்துதான் அடுத்த கேள்வியை எடுப்பாங்க. இதை நான் லேட்டாதான் புரிஞ்சுக்கிட்டேன்.

நான் ஒரகடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில ரெண்டு வருஷம் வேலை பாத்தேன். "கஸ்டமர் ரிஜெக்‌ஷனை 200 பிபிஎம்முக்கு கொண்டுவந்தோம்"னு ஒரு வரியை நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், மொத வருஷம் அதை சொன்னேன். உடனே பேனல்ல இருந்த மேடம் "மாசம் எத்தனை பீஸ் அனுப்புவீங்க?"ன்னாங்க. 50,000ன்னேன். "அப்ப எத்தனை பீஸ் திரும்பி வரும்?" பிபிஎம்னா 10 லட்சத்துக்கு எத்தனைங்கற கணக்கு, 10 லட்சத்துக்கு 200ன்னா 50,000க்கு 10, சின்ன கணக்குதான், ஆனா பதட்டத்துல அது வாயில வரவே ரொம்ப நேரம் ஆச்சு. அடுத்து "அந்த 10 பீஸ் உங்க லைன்லயே ஏன் மாட்டல?"ன்னு கேட்டாங்க. தினமும் அந்த லைன்ல நின்னவன் நான், ஆனா அதை அப்படி யோசிச்சதே இல்லை. அங்கயே முடிஞ்சுபோச்சு.

அதனால எந்த வழியில தயாரானாலும் நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அதுல ரெண்டாவது மூணாவது கேள்வி வருதா?

மொதல்ல கோச்சிங் சென்டர் மாக். நான் 4 மாக்குக்கு 6,000 ரூபா கட்டினேன். வீண்னு சொல்ல மாட்டேன், பார்மல் டிரெஸ் போட்டு, கதவை தட்டி உள்ள போய், முன்ன பின்ன தெரியாத மூணு பேர் முன்னாடி உக்காந்து இங்கிலீஷ்ல பேசற பயம் மொத ரெண்டு மாக்லயே பாதி போயிடும், இந்த பயத்தை வீட்டுக்குள்ள உக்காந்து போக்க முடியாது. பதில் சொல்றப்ப நான் கையை தேய்ச்சுக்கிட்டே இருக்கேன்னு அங்கதான் எனக்கே தெரிஞ்சுது. ஆனா கேள்வி எல்லாம் ஒரே லிஸ்ட்ல இருந்து வந்துச்சு. உங்களை பத்தி சொல்லுங்க, பலம் பலவீனம், ஏன் எம்பிஏ, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க. பதில் சொன்னதும் தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்கு போயிடுவாங்க. பீட்பேக்ல "கான்பிடன்ஸ் கூட்டுங்க"ன்னு எழுதியிருந்துச்சு, அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அதைவிட மோசம், ஏன் எம்பிஏங்கறதுக்கு ஒரு ரெடிமேட் பதில் கொடுத்தாங்க, எங்க பேட்ச்ல மூணு பேர் அதையே வார்த்தை மாறாம சொல்லிட்டு இருந்தோம். பேனல்ல இருக்கறவங்க ஒரு நாள்ல எத்தனையோ பேரை பாக்கறாங்க, அப்படி ஒரு பதில் காதுல விழுந்தா கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இப்ப கேட்டா, ஒண்ணு ரெண்டு போதும், அதுவும் ஆரம்பத்துலயே முடிச்சுடுங்கன்னுதான் சொல்வேன். காசு கஷ்டம்னா இதை விட்டாலும் பெருசா நஷ்டமில்லை, பழைய காலேஜ் ப்ரொபசர் ரெண்டு பேரை கேட்டு அவங்க ரூம்ல உக்காந்தாலே அதே பயம் வரும், மெக்கானிக்கல் கேள்வியும் சேந்து வரும்.

சீனியர் மாக்தான் என்னை மாத்துச்சு. ரெண்டாவது வருஷம், எங்க காலேஜ்ல படிச்சு ஐஐஎம் முடிச்ச ஒரு அண்ணனுக்கு லிங்க்ட்இன்ல மெசேஜ் போட்டேன், அரை மணி நேரம் போதும்ணா, பார்மை முன்னாடியே அனுப்பிடறேன்னு. அவர் பார்மை பாத்துட்டு மொத கேள்வியே இப்படி கேட்டார்: "சொந்த ஊர் கரூர்னு போட்டிருக்க. உங்க ஊர்ல ரெண்டு பேங்க் பொறந்துச்சே, அதுல ஒண்ணு இப்ப எங்க?"

கரூர் வைஸ்யா பேங்க் 1916, லட்சுமி விலாஸ் பேங்க் 1926, ரெண்டும் எங்க ஊர்ல ஆரம்பிச்சது, இது கரூர்ல எல்லாருக்கும் தெரியும். லட்சுமி விலாஸை 2020 நவம்பர்ல டிபிஎஸ் பேங்க்கோட சேத்துட்டாங்க, அதையும் சொன்னேன். "ஏன்?"ன்னார். வராக்கடன் ஏறிடுச்சு, மூலதனம் கரைஞ்சுடுச்சுன்னு சொல்லி சமாளிச்சேன். "அப்ப ரிசர்வ் பேங்க் கேட்டு மத்திய அரசு ஏன் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு? டெபாசிட் போட்டவங்க காசு தப்பிச்சுது, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு பூஜ்ஜியம் ஆச்சு, இது நியாயமா? நீ ரிசர்வ் பேங்க்ல இருந்தா என்ன பண்ணியிருப்ப?" எங்க மாமாவே அந்த ஷேர் வச்சிருந்தவர். வீட்ல அவர் புலம்புனதை கேட்டிருக்கேன், ஆனா ஓடிப்போய் எல்லாரும் ஒரே நாள்ல பணத்தை எடுத்தா பேங்க் என்ன ஆகும், நஷ்டத்தை மொதல்ல யாரு தாங்கணும்னு ஒரு நாளும் உக்காந்து யோசிச்சதில்லை. அன்னைக்கு ராத்திரி மாமாவுக்கு போன் பண்ணி முழுசா கேட்டேன், அப்புறம் படிச்சேன்.

அதே மாதிரி பஸ் பாடி. சேசிஸ் கம்பெனில இருந்து வரும், மேல பாடி எங்க ஊர் பட்டறையில கட்டுவாங்க, சின்ன வயசுல இருந்து பாக்கறதுதான். அண்ணன் "பஸ் பாடிக்கு ஏதாவது ஸ்டாண்டர்ட் இருக்கா?"ன்னார், நான் மெக்கானிக்கல் படிச்சவன், ஏஐஎஸ் 052ங்கற பேரையே அன்னைக்குதான் கேள்விப்பட்டேன். நெஜ இன்டர்வியூல பேங்க் வரவே இல்லை, பஸ் பாடி வந்துச்சு, ஏழெட்டு நிமிஷம் அதுலயே போச்சு. ஸ்டாண்டர்ட் வந்ததும் சின்ன பட்டறைக்காரங்களுக்கு செலவு எப்படி மாறும்னு பேனல் கேட்டாங்க, பக்கத்து தெரு பட்டறையில போய் விசாரிச்சுட்டு வந்திருந்ததால நிதானமா பேச முடிஞ்சுது.

இதுலயும் குறை இருக்கு. சீனியர்ங்க நல்லவங்க, கால் மணி நேரம் கடுமையா கேட்டுட்டு அப்புறம் ஹாஸ்டல் கதை, பிளேஸ்மென்ட் கதைன்னு போயிடுவாங்க, கேக்க நல்லா இருக்கும், மாக் அங்கயே நின்னுடும். அதனால மொத 20 நிமிஷம் மாக் மட்டும்தான்னு முன்னாடியே சொல்லிடுங்க. அவங்க பாத்தது அவங்க பேனலை மட்டும்தாங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், "எனக்கு அகடமிக்ஸே கேக்கல"ன்னு ஒருத்தர் சொன்னதை நம்பி தெர்மோடைனமிக்ஸை மூட்டை கட்டி வச்சுடாதீங்க.

தனியா போன்ல ரெக்கார்ட் பண்றது, இதுக்கு காசும் இல்லை, யாரையும் கெஞ்ச வேண்டாம். முழுசா இதையே நம்புனா ஆபத்து, ஏன்னா போன் எதிர்க்கேள்வி கேக்காது, தினமும் அதே பதிலை இன்னும் வழவழன்னு சொல்லப் பழகிடுவோம், நான் மொத வருஷம் அப்படித்தான் கெட்டேன். ஆனா ஒரு விஷயத்துக்கு இதை விட்டா வேற வழியில்லை, நம்ம பேச்சை நாமளே கேக்கறது. மூணு நிமிஷ பதில்ல நான் பதினாலு தடவை "ஆக்சுவலி" சொல்லியிருந்தேன், இதை எந்த மாக்லயும் யாரும் எனக்கு சொல்லல. ரெண்டாவது வருஷம் ஒரு வேலை சேத்துக்கிட்டேன், பேசுனதை அப்படியே டைப் பண்ணி அதுல வர ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் கீழ கோடு போடுவேன். பிபிஎம், கஸ்டமர், லைன், சப்ளையர், கரூர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி எழுதி, அதுக்கு பதில் எழுதி, அந்த பதில்லயும் கோடு. ரெண்டு சுத்து போனா நமக்கு எது தெரியாதுன்னு பட்டவர்த்தனமா வந்துடும்.

ப்ரெண்ட்ஸ் சேந்து பண்றது நியூஸுக்கு நல்லது. பட்ஜெட் 2017ல இருந்து பிப்ரவரி 1ஆம் தேதி வருது, நம்ம இன்டர்வியூ சீசன் நடுவுல, நிதிப் பற்றாக்குறைன்னா என்ன, வருவாய்ப் பற்றாக்குறைன்னா என்னன்னு மூணு பேர் உக்காந்து சண்டை போட்டா தனியா படிக்கறதைவிட மண்டையில நிக்கும். மாக்குக்கு அவ்வளவா ஒத்துவராது, ப்ரெண்டு முகத்தை பாத்தா கடுமையா கேக்க மனசு வராது. ஏஐ சாட்ல பார்மை போட்டு எதிர்க்கேள்வி கேக்க சொல்றதும் இப்ப சிலர் பண்றாங்க, கேள்வி நிறைய தரும், அது உண்மையிலயே உதவி, ஆனா சுமாரான பதிலையும் பாராட்டிடும், சொல்ற தகவலை வேற இடத்துல சரிபாக்கணும்.

இங்கிலீஷ் பத்தி தனியா சொல்லணும். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். பேச்சு ஸ்டைலை மாத்தணும்னு ஒரு மாக்ல சொன்னாங்க, முயற்சி பண்ணி யோசிக்கறது பாதி, உச்சரிப்பு பாதின்னு ரெண்டும் கெட்டுச்சு. சின்ன சின்ன வாக்கியம், கொஞ்சம் மெதுவா, ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம், இது எனக்கு வேலை செஞ்சுது.

உள்ள போனதும் தெரியாத கேள்வி வந்தா அடிச்சு விடறதா, தெரியாதுன்னு சொல்றதா? மொத வருஷம் பட்ஜெட் கேள்விக்கு அடிச்சு விட்டேன், அவங்க அதையே பிடிச்சு நாலு கேள்வி கேட்டாங்க. ரெண்டாவது வருஷம் சிஆர்ஆருக்கும் எஸ்எல்ஆருக்கும் வித்தியாசம் கேட்டாங்க. சிஆர்ஆர் பேங்க் ரிசர்வ் பேங்க்கிட்ட வைக்க வேண்டிய ரொக்கம், எஸ்எல்ஆர் எனக்கு உறுதியா தெரியலைங்க சார்னேன். "சரி, பேங்க் தன்கிட்டயே எதை பத்திரமா வச்சிருக்கும்?"னு சார் ஒரு நூல் விட்டார், தங்கம், அரசு பத்திரம்னு யோசிச்சு யோசிச்சு அவர் முன்னாடியே போய் சேந்தேன். தெரிஞ்ச பாதியை தெளிவா சொல்லிட்டு தெரியாததை தெரியாதுன்னு சொன்னா பெரும்பாலும் கை கொடுக்கறாங்க. எல்லா கேள்விக்கும் வெறும் சாரி சொன்னா அது உதவாது.

ஒண்ணு சொதப்பிட்டு மூணு நாள்ல அடுத்தது இருந்தா என்ன பண்றது? நான் மொத வருஷம் வாட்ஸ்அப் குரூப்ல மத்தவங்க இன்டர்வியூ அனுபவத்தை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சு என்னோடதை ஒப்பிட்டு வெந்துபோய் கிடந்தேன், அடுத்ததும் போச்சு. ரெண்டாவது வருஷம் வெளிய வந்ததும் பஸ்லயே கேட்ட கேள்வி எல்லாத்தையும் போன்ல எழுதிட்டு, தடுமாறுன ரெண்டை மட்டும் மறுநாள் படிச்சுட்டு, குரூப்பை மியூட் பண்ணிட்டு தூங்கிட்டேன்.

தம்பிக்கு இப்ப மூணு வாரம் இருக்கு. ஒரு கோச்சிங் மாக், ரெண்டு சீனியர் மாக், தினம் ஒரு ரெக்கார்டிங்னு பேசி முடிச்சிருக்கோம். நேத்து மொத ரெக்கார்டிங் அனுப்பினான், "எங்கப்பா கரூர்ல கொசுவலை யூனிட் வச்சிருக்கார்"னு ஆரம்பிக்கறான். நான் திருப்பி கேள்வி அனுப்பினேன்: வலைக்கு நூல் எந்த பிளாஸ்டிக்ல வருது, கச்சா எண்ணெய் விலை ஏறுனா அப்பா விலையை ஏத்த முடியுமா, முடியலைன்னா ஏன், வாங்கறது யாரு, பக்கத்து யூனிட்டோட உங்களுக்கு என்ன வித்தியாசம். நூல் எச்டிபிஇங்கறது மட்டும் அவனுக்கு தெரிஞ்சுது. மீதிக்கு இன்னைக்கு சாயங்காலம் சித்தப்பா கூட யூனிட்டுக்கு போறான்.